ரோமில் பேட்டைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகுமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ரோம் பயணத்தில் இரண்டு இரவுச் சாப்பாட்டை உங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறோம். கொலோசியத்தைச் சுற்றி, படம் போட்ட மெனுவை நீட்டி வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடைகள் ஏராளம். அவற்றை விட்டுவிட்டு டெஸ்டாச்சோ, கார்பாத்தெல்லா மாதிரிப் பேட்டைகளில் குடும்பமே நடத்தும் பழைய டிராட்டோரியாவுக்கு (எளிய சாப்பாட்டுக் கடை) போங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. ஆனால் அங்கே நடைமுறை வேறு. தெரியாமல் போனால் பசியோடு திரும்பி வர நேரும்.

முதலில் நேரம். மாலை 6 மணிக்கு அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். இரவுச் சாப்பாடு 7.30-க்குத் தொடங்கும், உள்ளூர்க்காரர்கள் 8.30-க்கு மேல்தான் வருவார்கள். மதியம் 12.30 முதல் 2.30 வரை. இடையில் கதவு சாத்திவிடும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, பல கடைகளுக்கு அது ஞாயிறு. கோடை விடுமுறைக்காக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இரண்டு மூன்று வாரம் மொத்தமாகப் பூட்டிவிடுகிற கடைகளும் நிறைய. நீங்கள் தங்கும் ஓட்டல் வரவேற்பில் சொல்லி முன்கூட்டியே போன் போட்டு மேசை பிடித்துவிடுங்கள். காலியான மேசை தெரிகிறதே என்று நேராகப் போய் உட்காராதீர்கள். வாசலில் நின்று எத்தனை பேர் என்று சொன்னால் அவர்களே இடம் காட்டுவார்கள்.

மெனுவில் ஆன்டிபாஸ்டி, ப்ரீமி, செகொந்தி, கொன்டோர்னி என்று வரிசை இருக்கும். அதாவது, அதே வரிசையில், முன்கொறி, பாஸ்தா, கறி அல்லது மீன், காய். நான்கையும் வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் பங்கிட ஒரு காய் போதும். செகொந்தி என்று கறி கேட்டால் தட்டில் கறி மட்டுமே வரும். கூட ஒன்றும் வைக்க மாட்டார்கள், காயைத் தனியாகக் கேட்க வேண்டும். டெஸ்டாச்சோவில் 1975 வரை நகரத்தின் கசாப்புக்கூடம் இருந்தது. வால், குடல், ஈரல் சமையல் அந்தப் பேட்டையின் பெருமை. ‘கோடா’ என்றால் மாட்டு வால், ‘திரிப்பா’ என்றால் மாட்டு இரைப்பை, ‘சால்திம்போக்கா’ கன்றுக்கறியும் பன்றிக்கறியும் சேர்ந்தது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இந்த மூன்று பெயரையும் நினைவில் வையுங்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம். ரோமின் புகழ்பெற்ற நான்கு பாஸ்தாவில் கார்பொனாரா, அமாத்ரிச்சானா, கிரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு உண்டு. மிஞ்சுவது காச்சோ இ பேப்பே: பாஸ்தா, மிளகு, பெக்கொரீனோ சீஸ், அவ்வளவுதான். அதிலும் ஒரு சிக்கல். நாம் பாலில் மோர் விட்டு உறையூற்றுவது போல அல்ல. பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள்தான் விதி. பார்மிஜானோ என்ற இன்னொரு சீஸுக்குக் கன்றுக்குட்டியினுடையது. அது ஆகாது என்றால் ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’, அதாவது சீஸ் இல்லாமல், என்று சொல்லி ஆலியோ ஒலியோ (பூண்டு, எண்ணெய், மிளகாய்) அல்லது தக்காளி பாஸ்தா கேளுங்கள். காய்ந்த ஸ்பகெட்டியில் முட்டை இல்லை, ஃபெத்துச்சீனே என்ற பட்டையான பாஸ்தாவில் பொதுவாக உண்டு. பூண்டு சேர்க்காதவர்களுக்குத் தக்காளிச் சாறும் சரிப்படாது. பெரும்பாலும் முன்கூட்டியே பூண்டு போட்டுக் காய்ச்சி வைத்திருப்பார்கள், பிரித்தெடுக்க வழியில்லை. பூசணிப்பூ பஜ்ஜி ஆசையைத் தூண்டும், கடித்தால் உள்ளே நெத்திலி இருக்கும். குளிர்காலத்தில் வரும் புன்தரெல்லே கீரையிலும் அதே நெத்திலி. பூண்டு சாப்பிடுகிறவர்கள் சிக்கோரியா கீரை வதக்கலைப் பொதுவாக நம்பிச் சாப்பிடலாம், நம் ஊர் நாக்குக்கும் பொருந்தும்.

காச்சோ இ பேப்பே சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. துருவிய சீஸைப் பாஸ்தா வெந்த மாவுத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்குகிறார்கள். சூடு கூடினால் சீஸ் நூல் நூலாகத் திரிந்துவிடும், ஆறினால் பசையாக இறுகிவிடும். எனவே தட்டு வந்த கையோடு சாப்பிட வேண்டும். படம் எடுத்து முடிப்பதற்குள் ருசி போய்விடும். பாஸ்தாவின் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தமில்லை, அங்கே அதுதான் பதம். குழைவாக வேண்டுமானால் ஆர்டர் கொடுக்கும்போதே ‘பென் கொத்தா’ என்று சொல்லுங்கள். வந்தபின் திருப்பி அனுப்பினால் சமையல்காரர் முகம் சுளிப்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பில்லைப் பற்றித்தான் அதிகம் சந்தேகம் வருகிறது. ரோம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் ‘கொப்பெர்த்தோ’ என்ற இருக்கைக் கட்டணத்தை 2006-ல் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள். ஆனால் ‘பானே’ என்று ரொட்டிக்கு வாங்கலாம். அதை மெனுவில் அச்சிட்டிருக்க வேண்டும். ரொட்டி வேண்டாமென்றால் கூடை மேசைக்கு வந்தவுடனே சொல்லிவிடுங்கள், பாதி தின்றபின் சொல்லிப் பயனில்லை. குடிதண்ணீர் பாட்டிலுக்கும் காசு உண்டு: வாயு இல்லாதது ‘நத்துராலே’, சோடா ‘ஃப்ரிட்சாந்தே’. ‘செர்வீட்சியோ’ என்று சேவைக் கட்டணம் போட்டிருந்தால் டிப்ஸ் தேவையில்லை. போடாவிட்டாலும் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும்.

சாப்பிட்டு முடித்து அரைமணி உட்கார்ந்திருந்தாலும் பில் தானாக வராது. எழுந்து போகச் சொல்வது போலாகிவிடும் என்று அவர்கள் கொண்டுவர மாட்டார்கள். ‘இல் கொன்தோ, பெர் ஃபவோரே’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

உங்கள் பயணக் கோப்பில் இத்தாலிய மொழியில் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். இறைச்சி, மீன், முட்டை, சீஸ், பூண்டு என ஐந்து கட்டம். வேண்டாததைப் பேனாவால் அடித்து, உட்கார்ந்தவுடன் பரிமாறுபவரிடம் கொடுங்கள். கடலை, பருப்பு வகை ஒவ்வாமை உள்ளவர்கள் புறப்படுமுன் எங்களுக்குத் தெரிவித்தால் அதையும் எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்