மாலை வகுப்பில் சேர்ந்துவிடு, தம்பி

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அத்தையும் நலம். இதையெல்லாம் வாட்ஸ்ஆப்பிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு நீலக் கோடு விழும், மறுநாள் "ஓகேமா" என்று ஒன்று வரும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். அங்கே அனுப்பினால் உன் கைக்கு நிச்சயம் வரும் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். லண்டனில் இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். வேலை விட்டதும் நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. வாரத்தில் ஒரு மாலையாவது நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போ. எழுத்து வகுப்போ நாடக வகுப்போ, ஏதாவது ஒன்றில் சேர்.

நான் சேர்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு டீச்சர்தான் இழுத்துக்கொண்டு போனார். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபம், கல்யாணத்துக்கு விடாத நாளில் வகுப்புக்குத் தருகிறார்கள். செவ்வாய்க்கிழமை கதை எழுதுவது, வியாழக்கிழமை நாடகம். மாஸ்டர் ஒரு காலத்தில் வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தவர். இப்போதும் முறத்தில் அரிசியைச் சாய்த்து மழை பெய்ய வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தகரக் கூரைமேல் பெய்கிற மாதிரியே இருக்கும். வகுப்பில் கிராப் டாக்சி ஓட்டுகிற ஒரு தம்பி இருக்கிறான். பெரியாஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற ஒரு பெண், ஆறாம் படிவம் படிக்கிற ஒரு சின்னப்பிள்ளை, பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன், அப்புறம் நான். இடைவேளையில் வடையும் தேத்தண்ணியும். பகலெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். மணி ஒன்பதரை ஆனாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

போன வியாழக்கிழமை மாஸ்டர் மண்டபத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். "இதில் இத்தனை நாள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். இப்போது இல்லை. நீங்கள் உள்ளே வருகிறீர்கள். பேசக்கூடாது, அழக்கூடாது. ஏதாவது ஒன்று செய்துவிட்டுப் போங்கள்" என்றார். கிராப் தம்பி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனான். சின்னப்பிள்ளை அதன்மேல் படாமல் ஒதுங்கிச் சுற்றி நடந்து போனாள். தாதி வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். அவள் குனிந்து, உட்காரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். சூடு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறாள், தம்பி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் முறை வந்தபோது நான் நாற்காலியை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்தாய் என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவர் யாரையும் கேட்கமாட்டார்.

நீ சேரவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமே அதுதான். அங்கே யாரும் உன் கதையைக் கேட்கமாட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்றெல்லாம் குடைய மாட்டார்கள். மனதில் இருப்பதை ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டுச் சொல்லிவிட்டு வரலாம். அது நான் இல்லை, அந்தப் பாத்திரம் என்று எழுந்து வந்துவிடலாம். வீட்டு மனுஷரிடம் சொல்ல முடியாதது அங்கே சொல்ல வரும்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு எனக்கு இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்பா போன அன்றைக்கு நடந்ததை எழுதினேன். "துக்கம் தாங்க முடியவில்லை" என்று ஒரு வரி. மாஸ்டர் அதை அடித்துவிட்டார். "அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்றார். யோசித்துப் பார்த்தேன். வெளியே பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு முழுக்க உருவியிருக்கிறேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. சின்ன அத்தை வந்து கையைப் பிடித்து நிறுத்தியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை அப்படியே எழுதினேன். வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அதற்குப் பிறகுதான் இரவில் தூக்கம் வருகிறது.

நீ அப்போதெல்லாம் போன் பண்ணிக் கேட்பாய், "நல்லா இருக்கேன்பா" என்பேன். நன்றாகவே இல்லை, தம்பி. பகலெல்லாம் டிவியைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பேன். ஒரு கப் தேத்தண்ணியை மூன்று தடவை சூடு பண்ணுவேன், குடிக்கமாட்டேன். அப்படி இருந்துகொண்டு "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளாகப் போனில் அந்தக் குரலைத்தான் கேட்கிறேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மருமகள் பிறந்தநாளுக்கு அனுப்பிய சேலைப் பார்சல் திரும்பி வந்துவிட்டது. முகவரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. அத்தை ஏதோ சொன்னாள். அத்தை சொல்வதையெல்லாம் நான் காதில் வாங்குவதில்லை, உனக்கே தெரியும். சேலை அலமாரியில் இருக்கிறது, இருக்கட்டும். அந்தப் பெண்ணைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச நான் விடமாட்டேன். உன்னைப் பற்றியும் விடமாட்டேன். நீ சூடாகச் சாப்பிடு. பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

இந்த மாதிரி வகுப்பெல்லாம் நமக்குப் புதிதில்லை. ரப்பர் தோட்டத்துத் தாத்தாவை நினைத்துப்பார். 1950இல் தமிழ் நேசன் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்களே, அதற்குத் தாத்தா எழுதி அனுப்பியவர். மலாயாவில் அப்போது அவசரகாலம், பொழுது சாய்ந்தால் லயத்து வீடுகளை விட்டு வெளியே வரமுடியாது, ஊரடங்கு. ஊருக்குள் போய்ப் படிக்க வழியில்லாதவர்களுக்குப் படிப்பு பேப்பரில் வந்தது. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற மனுஷன் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் கதை எழுதினார். அவர் கதை அச்சில் வந்ததா வரவில்லையா என்று பெரியம்மாவும் மாமாவும் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஊரடங்கு ராத்திரியில் உட்கார்ந்து எழுத அவருக்கு ஒன்று இருந்தது. கேட்க, திருத்த, எங்கேயோ ஒரு வாத்தியார் இருந்தார். 1924இல் தொடங்கிய பத்திரிகை 2019இல் நின்றபோது, தாத்தா இருந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பார் என்று அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

அப்பா பக்கத்துத் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் இரும்படித்தவர். அந்த ரயில்வே இடத்துப் பழைய கட்டடம் ஒன்றில்தான் இன்றைக்கு கேஎல்பேக் நாடக அரங்கம் இருக்கிறது. நீயும் உன் சீனக் கூட்டாளியும் ஐந்தாம் படிவத்தில் சனி ஞாயிறு அங்கே போய்த் திரைக்குப் பின்னால் கயிறு இழுத்தீர்கள். கையெல்லாம் கொப்புளத்தோடு வந்து, "தாத்தா வேலை செஞ்ச இடத்துல நானும் வேலை செஞ்சேன்மா" என்று சொன்னாய். எஸ்பிஎம் பரீட்சை வருஷத்தில் இதெல்லாம் எதற்கு என்று அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டு உள்ளே போய்விட்டார். மறுவாரம் அவரே உன்னை மோட்டாரில் கொண்டுபோய் விட்டார்.

அந்த அரங்கம் எப்படி வந்தது என்று எனக்குச் சொன்னவனே நீதான். ஜோ ஹஷாமும் ஃபரிடா மெரிக்கானும் 1989இல் தொடங்கிய நாடகக் குழு. டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் அரங்கு வைத்திருந்தார்கள். 2003இல் வெள்ளம் உள்ளே புகுந்து அதை நாசமாக்கிவிட்டது. 2005இல் செந்தூலில் கதவைத் திறந்தார்கள். ரெண்டே வருஷம், தம்பி. எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோன பிறகு, வேறொரு இடத்தில். வகுப்பு முடிந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஓடுகிறது.

நீ கணக்காய்வாளர் ஆனபோது அப்பா தெருவில் எல்லாருக்கும் மைலோ வாங்கிக் கொடுத்தார். இரும்படித்தவர் பேரன் லண்டனில் கணக்குப் பார்க்கிறான் என்று மார்க்கெட்டில் மீன்காரர் வரைக்கும் தெரியும். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, எப்போதும் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். எழுதுகிறவன் எங்கே போனான்? நாலாம் படிவத்தில் நீ எழுதிய நாடகம், அந்த லாரிக்காரர் கதை, இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மாஸ்டரிடம் காட்டினேன். கோபப்படாதே. "இந்தப் பையனுக்கு மனுஷர் பேசுவது காதில் விழுந்திருக்கிறது" என்றார். அவர் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.

தாதிப் பெண் போனில் தேடிக் காட்டினாள். லண்டனில் சிட்டி லிட் என்று ஒரு இடம் இருக்கிறதாம், ஹோபர்ன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம், கீலி ஸ்திரீட். 1919இல் தொடங்கியது. வேலை செய்கிறவர்களுக்கு மாலையில் வகுப்பு: கதை எழுத, நடிக்க, மேடையில் பேச, எல்லாம் இருக்கிறது. முன்னே பின்னே தெரியாதவர்களும் சேரலாம். காசு அதிகம் என்றால் தொழிலாளர் கல்விச் சங்கம் ஒன்று, டபிள்யூஇஏ என்பார்களாம், 1903லிருந்து நடக்கிறது. வெள்ளைக்காரர்கள் பேசுவதற்கு நடுவில் நான் எதற்கு என்று நினைக்காதே. உன் கதை செந்தூலில் நடக்கட்டும், அவர்கள் கேட்கட்டும்.

இன்னொன்றும் படித்துச் சொன்னாள். முதல் உலகப்போரில் காது போய்த் திரும்பி வந்த சிப்பாய்களுக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார்களாம் அந்தச் சிட்டி லிட்டில். அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான். என் இடது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. வலது காதும் பாதிதான். நீ கேமராவைப் போடாமல் பேசினால் பாதிப் பேச்சு எனக்கு வந்து சேர்வதில்லை. முகத்தைப் பார்த்தால் முழுசாகப் புரிந்துகொள்வேன். முகம் இளைத்திருந்தாலும் பரவாயில்லை, தாடி வளர்ந்திருந்தாலும் பரவாயில்லை. பின்னால் சுவர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பார்க்கமாட்டேன்.

வகுப்பில் சேர். திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று நினைப்பாய். சொல்வேன். பேர் பதியும்போது மனம் வராது, எனக்கும் வரவில்லை. முதல் வாரம் மண்டப வாசல் வரை போய்ச் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். டீச்சர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். உனக்கு அங்கே கூப்பிட ஆளில்லை, நீயாகத்தான் கதவைத் தள்ளவேண்டும். முதல் நாள் பேசாவிட்டாலும் பின்வரிசையில் உட்கார்ந்து வா.

பொங்கலுக்கு மண்டபத்தில் எங்கள் நாடகம் போடுகிறோம். தோட்டத்தை விற்றுவிடுகிறார்கள், லயத்தைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், ஒரு கிழவி மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறாள். நான்தான் கிழவி. பட்டணத்திலிருந்து வந்து என்னைக் கூப்பிடுகிற மகனாக கிராப் தம்பி. பாவம், அவனுக்கு ராத்திரி ஓட்டம், ஒத்திகைக்கு நேரம் கிடைப்பதில்லை. எனக்கோ எதிர்வசனம் காதில் விழாமல் என் வசனம் வரமாட்டேன் என்கிறது.

மகன் வசனத்தை நீ வாசி. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை பத்து மணி, எனக்கு மாலை ஆறு. வசனத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், மூன்று பக்கம்தான். வேறு எதுவும் பேசவேண்டாம், அதை மட்டும் வாசித்தால் போதும். கேமராவை மட்டும் போட்டுவிடு. நீ எங்கே நிறுத்துகிறாய் என்று உதட்டைப் பார்த்தால்தான் நான் தொடங்க முடியும்.

அன்புடன்,
அம்மா