இன்சுலின் சொல்லித்தருபவருக்கும் பதிவு எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஊசி போட எனக்குச் செவிலியர் குழுமத்தின் பதிவு தேவைப்பட்டது. இன்சுலினை எடுத்துக்கொடுக்கும் மருந்தாளுநருக்கும் பதிவு உண்டு. ஆனால் அந்த இன்சுலினை எந்தக் கோடு வரை இழுப்பது, எங்கே குத்துவது, சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்வது என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் மட்டும் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு நாள் இணையவழிப் பயிற்சி, ஒரு வெள்ளைக் கோட்டு, நெஞ்சில் ‘டயாபடீஸ் எஜுகேட்டர்’ (நீரிழிவுக் கல்வியாளர்) என்று ஒரு பட்டை, போதும்.

எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர் போன ஆண்டு என்னிடம் வந்தார். “சிஸ்டரம்மா, வேளை தவறாமல் ஊசி போடுகிறேன். ஆனாலும் சர்க்கரை நானூறுக்குக் கீழே வரவில்லை.” ஒரு தனியார் மருத்துவமனையில் பேனா ஊசி போடப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். பேனா மருந்து கட்டுப்படியாகவில்லை என்றதும் மருத்துவர் குப்பி மருந்துக்கு மாற்றி எழுதினார். கடையில் கொடுத்தது ஆரஞ்சு மூடி ஊசி. குப்பியில் இருந்தது மில்லிக்கு 40 யூனிட் மருந்து. அதற்குச் சிவப்பு மூடி ஊசி வேண்டும். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. 20 கோடு வரை இழுத்தும் அவர் உடம்புக்குள் போனது 8 யூனிட்தான். இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்திருந்தால் 20-க்குப் பதில் 50 போயிருக்கும். அப்புறம் அவர் என் வீட்டுப் படியேறி வந்திருக்க மாட்டார்.

பேனா பழக்கிய பெண்ணையே தொலைபேசியில் கேட்டாராம். “எந்த ஊசியானாலும் 20 கோடுதான்” என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பேனா விற்கும் கம்பெனி சம்பளம் கொடுத்தது, பேனாவைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்தது. குப்பியும் ஊசியும் அவர் பார்த்ததே இல்லையோ என்னவோ.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், நலவாழ்வுக் கல்வியாளர்கள், ஆலோசகர்கள் என்ற இனத்தில் நீரிழிவுக் கல்வியாளரின் பெயரும் இருக்கிறது. மாநிலங்கள் ஆறு மாதத்தில் குழுமம் அமைத்துப் பதிவேடு தொடங்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-இல் சொன்ன பிறகும் இந்த வேகம்தான்.

பதிவு வரட்டும். எப்படி வரப்போகிறது என்பதில்தான் என் கவலை. சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு, இணைநிலையாளர் என்றால் 2,000 மணி நேரப் படிப்பு என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி விழுந்திருப்பதைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பவர்களும், குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மருந்தை மண்பானைத் தண்ணீரில் எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுப்பவர்களும், சித்திரை வெயிலில் கோவில் பிரகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றாதீர்கள் என்று பக்தி குறையாமல் சொல்லத் தெரிந்தவர்களும் பட்டயம் மட்டும் படித்த செவிலியர்களாக ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். இவர்களை வெளியே நிறுத்திவிட்டு, நோயாளியையே தொட்டறியாத புதுப் பட்டதாரிக்கு உரிமம் கொடுத்தால் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் இதற்கென்று உரிமம் கொண்டுவந்த முதல் மாநிலம் கென்டக்கி; 2011-இல் சட்டம் போட்டார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் தனி உரிமம் கிடையாது. ஆனால் தேசியச் சான்றிதழுக்கான தேர்வு எழுத வருகிற செவிலியரோ உணவியலாளரோ மருந்தாளுநரோ, நீரிழிவு நோயாளிகளுக்குக் கற்பித்த 1,000 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும் என்பது அங்கே பொதுவான வழி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மணிக்கணக்கைத்தான். பணியில் இருக்கும் செவிலியருக்கு அனுபவத்தைக் கணக்கில் எடுத்து ஒரு செய்முறைத் தேர்வு வைக்கலாம். அதில் முதல் கேள்வியாக இரண்டு நிற மூடி ஊசிகளையும் மேசையில் வைக்கட்டும்.

மருந்து, கருவி விற்கும் நிறுவனத்தின் ஊழியர் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதையும் தமிழக அரசு தடுக்க வேண்டும். மருத்துவரின் சீட்டில் பதிவு எண் இருப்பதுபோல, கற்றுக்கொடுப்பவரின் பட்டையிலும் பதிவு எண் தமிழில், கண்ணாடி போடாமலே படிக்கும் அளவில் இருக்கட்டும். சர்க்கரையால் பார்வை மங்கியவர்கள்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மன்னார்குடி