பெயருக்கு ஒரு கட்டம்

பாளையங்கோட்டை,
ஆனி, வெள்ளிக்கிழமை.

அன்பு நண்பா,

நலம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இங்கே வரைக்கும் குளிர்ந்த காற்று வருகிறது. தேரோட்ட அன்னதானத்துக்கு நீ அனுப்பிய பணம் நீ அனுப்பிய நிமிடமே வந்து சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயையும், அதுபோலவே கைபேசியில் பணம் அனுப்பும் உங்கள் சிங்கப்பூர் பேநவ்வையும் இணைத்தார்களே, அதன் பயன்தான். உன் அப்பா பினாங்கிலிருந்து அனுப்பும் மணியார்டருக்காக உன் அம்மா திண்ணையில் காத்திருந்தது நினைவுக்கு வந்தது.

பணம் இப்படி வருகிறது. பெயர்தான் வர மறுக்கிறது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் இருக்கும் என் மகளின் கதையைக் கேள். அவள் பிறப்புச் சான்றிதழில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து என் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. இரண்டும் ஒருத்திதான் என்று காட்ட, சான்றிதழைத் திருத்தி, மாநில அரசின் முத்திரை வாங்கி, பிறகு வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் சான்று வாங்கினேன். இரண்டு மாத அலைச்சல். அங்கே அலுவலகத்தில் சிலர் அவளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது சிரித்தாள், எனக்கு மனம் கனத்தது.

ஆனால் அதே ஊரிலிருந்து அவள் சொன்ன இன்னொரு செய்தி என்னை அசர வைத்தது. கடலைத் தாண்டினால் எஸ்டோனியா, கப்பலில் இரண்டு மணி நேரம். பின்லாந்து மருத்துவர் கணினியில் எழுதிய மருந்துச் சீட்டுக்கு 2019 முதல் எஸ்டோனிய மருந்துக்கடையில் மருந்து தருகிறார்கள். கையில் காகிதம் வேண்டாம், அடையாள அட்டை போதும்.

இரண்டு நாடுகளும் அரசுத் தகவலைப் பரிமாற எக்ஸ்-ரோடு என்ற முறையை வைத்திருக்கின்றன. எஸ்டோனியா 2001இல் தொடங்கியது. 2017இல் இரு நாடுகளும் சேர்ந்து அதற்கென்றே ஒரு நிறுவனம் அமைத்தன. ஐஸ்லாந்தும் பிறகு சேர்ந்தது. பதிவுத்துறையில் முப்பது ஆண்டு இருந்த எனக்கு அதன் சூட்சுமம் உடனே பிடிபட்டது. நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுப் புத்தகம் வெளியே போகாது; கேட்டவருக்கு வில்லங்கச் சான்று மட்டும் போகும். அங்கேயும் அப்படித்தான். எல்லாத் தகவலையும் ஓரிடத்தில் குவிக்காமல், அந்தந்தத் துறையே வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தருகிறது.

கம்பியை இழுப்பது எளிது, நண்பா. இரண்டு நாடுகள் உட்கார்ந்து, ‘பெயர்’ என்றால் என்ன என்று ஒத்துக்கொள்வதுதான் கடினம். தகப்பன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைக்கும் நம் வழக்கத்தை அந்த மேசையில் யார் சொல்வது? பெங்களூருவில் 2018இல் தொடங்கிய மோசிப் என்ற அடையாளப் பதிவு மென்பொருள் எனக்கு நம்பிக்கை தருகிறது. பிலிப்பைன்ஸ் தன் தேசிய அடையாளத் திட்டத்தை அதன்மேல் கட்டியது. பதிவில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம். வீட்டுக்குள் அப்படிச் சரிசெய்துகொள்ளலாம். எல்லை தாண்டும்போது அதே பெயர் சிதையாமல் போக வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

உங்கள் ஊரில் தமிழ்ப் பெயருக்கு நடுவே ‘சன் ஆஃப்’ போட்டுத் தகப்பன் பெயரைத் தனியே காட்டும் வழக்கம் உண்டல்லவா? உன் பேரனின் பிறப்புச் சான்றிதழில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. மகளுக்கு மாசியில் குழந்தை பிறக்கப்போகிறது. அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்