பவானிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பவானி,

நீ அனுப்பிய படம் வந்தது. இருட்டில் பச்சையாய் மின்னும் இரண்டு கண்களைத் தவிர அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "இதுக்காகவா ராத்திரியெல்லாம் முழிக்கிறா?" என்றாள். அது கருங்கால் ஃபெரெட், கீரி மாதிரி இருக்கும், 1979இல் அற்றுப்போனதாக நினைத்த பிராணி, 1981இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் கவ்விக்கொண்டு வந்து போட்ட பிறகுதான் மிச்சம் இருப்பதே தெரிந்தது என்று சொன்னேன். கடைசியாகப் பிடித்து வைத்த 18இல் ஏழின் வம்சம்தான் இன்றைக்கு உள்ளவை கிட்டத்தட்ட எல்லாமே. இப்போது தெருவில் யாரைப் பார்த்தாலும் "என் மக" என்று ஆரம்பித்து அந்த நாய்க் கதையைச் சொல்கிறாள்.

பிரெய்ரி நாய் (பேர்தான் நாய், மண்ணில் வளை தோண்டும் அணில் ஜாதி) வளைகளில் தெள்ளுப்பூச்சி மருந்து தூவுவதாக ஒரு வரி எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்குத்தான் தூக்கமில்லை. 2008இல் தெற்கு டகோட்டாவில் உங்கள் கொனாட்டா பக்கமே தெள்ளு பரப்பும் பிளேக் வந்ததல்லவா? பிரெய்ரி நாய் கூட்டம் கூட்டமாகச் சாகும், அதையே தின்று பிழைக்கும் ஃபெரெட்டும் சாகும். மனுஷனையும் அந்தத் தெள்ளு கடிக்கும். பேண்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள். செத்துக் கிடப்பதைத் தொடாதே. காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால் ஃப்ளூ என்று படுத்துக் கிடக்காதே. டாக்டரிடம் போனதும் என்ன வேலை செய்கிறாய் என்பதை முதலில் சொல். சீக்கிரம் பிடித்தால் ஆன்டிபயாட்டிக் கேட்கும். சாக்ஸை மறக்காதே.

ராத்திரி வண்டியில் கூட யார் வருகிறார்கள்? காய்ச்சல் வந்தால் யார் அழைத்துப் போவார்கள்? மாப்பிள்ளைக்கு அடித்தால் ரிங் போகிறது, எடுப்பதில்லை. சேலத்திலிருந்தும் ஆடிக்குப் பிறகு பேச்சில்லை. சரி, அவரவர்க்கு வேலை.

காட்டெருமையிடம் வண்டியை விட்டு இறங்காதே. நம் மாட்டாஸ்பத்திரிக்கு வந்த எருமை மாதிரி இல்லை அது, மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடும். அம்மாவுக்குப் பிடித்தது பிராங்ஹார்ன்தான். அத்தனை வேகமாக ஓடுகிற மான், வேலியைத் தாண்டாமல் அடியில் தவழ்ந்து போகிறதே என்று சிரித்தாள். நம் குடும்பத்திலும் அப்படி ஒரு ஆள் உண்டு. எதையும் நேராகச் சொல்ல மாட்டாள்.

சின்னவன் நிச்சயத்துக்கு நீ வராதது அவனுக்கு வருத்தம்தான். வாய் திறக்க மாட்டான். பெரியம்மா வீட்டுச் சேதியெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன், தெள்ளுப்பூச்சியே பக்கத்தை அடைத்துவிட்டது.

புரூனோவுக்கு டிஸ்டெம்பர் ஊசி போட்டாயிற்றா? நாய்க்கு வரும் அந்த நோய் ஃபெரெட்டைத் தப்பவிடாது. வயோமிங் கூட்டத்தில் 1985இல் அதுதான் புகுந்தது. அவன் இப்போது யாரிடம் இருக்கிறான்?

அம்மா நார்த்தங்காய் போட்டிருக்கிறாள். பார்சலை ராப்பிட் சிட்டி வீட்டுக்கே அனுப்பலாமா, முகவரி மாறியிருக்கிறதா? அதை மட்டுமாவது எழுது.

அப்பா