வைவா முடிந்தது, எல்லாருக்கும் நன்றி

போன வாரம் கிண்டியில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் என் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நர்சிங்கில் பிஎச்.டி., ஐந்து வருஷமும் சில மாதங்களும், அதில் பாதி நைட் டியூட்டியோடு. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்ல ஆரம்பித்தேன், நாலாவது ஆளிடமே தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், யார் யாரென்று அவரவருக்குத் தெரியும்.

அதற்கு முன் கோத்தகிரி மார்க்கெட்டில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிற கேள்விக்குப் பதில்: இல்லை, இனிமேலும் நான் மாத்திரை எழுதித் தர முடியாது. அமெரிக்காவில் நர்சிங் பிராக்டிஸுக்கென்றே தனியாக ஒரு டாக்டர் பட்டம் உண்டு, அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்கள் மருந்தும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்காக இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது, நான் படித்தது அதுவும் இல்லை. என்னுடையது ஆராய்ச்சிப் பட்டம். பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம், வார்டில் பழையபடி சிஸ்டர்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் அரிவாள் அணு ரத்தசோகை உள்ளவர்களுக்கு வரும் வலி. நம் மலைக்கு இது புதிதில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பதை 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதிவிட்டார்கள், இந்தியாவில் இந்த நோய் பற்றிய ஆரம்பப் பதிவுகளில் அதுவும் ஒன்று. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும், அப்போது எலும்புக்குள் புகுந்து யாரோ முறுக்குகிற மாதிரி வலிக்கும். குளிர் பட்டாலும் வரும், உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் வரும். ஜூலை மாதத்து மேகமூட்டத்தில் இங்கே யாருக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றுகிறது, சொல்லுங்கள். 2047-க்குள் ஒழிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் இயக்கம் தொடங்கிய பிறகுதான் பலர் இதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தார்கள். நான் சினாப்சிஸ் (ஆராய்ச்சித் திட்டச் சுருக்கம்) எழுதிய சமயத்தில், "அந்த மாதிரி கேஸெல்லாம் இங்கே இருக்கா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

கைடு மேடத்துக்கு முதல் நன்றி. என் முதல் சினாப்சிஸின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: "இது நீங்க பார்த்ததா, படிச்சதா?" ஒரு வாரம் அவர்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு, பழங்குடி ஊர்கள் இருக்கிற குஞ்சப்பனைப் பக்கம் இறங்கினேன்.

அங்கே என்னைக் கூட்டிப்போனது அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர் அக்கா. அவருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பார், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். "பலாப்பழ சீசன், நாலு மணிக்கு மேல இந்தப் பாதையில ஆனை நிக்கும், சீக்கிரம் கேட்டு முடி" என்று மிரட்டுவார். யாரிடம் எதை எப்படிக் கேட்கக்கூடாது என்பதை எந்த ரிசர்ச் மெத்தடாலஜி வகுப்பைவிடவும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு இருளர் வீடு. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இந்த நோய். வலி எவ்வளவு என்று கண்டுபிடிக்க நாங்கள் வழக்கமாகக் கேட்பது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். அந்தப் பெண் முதல் வாரம் "பத்து" என்றாள், இரண்டாவது வாரமும் "பத்து", மூன்றாவது வாரம் சிரித்துக்கொண்டே அதே பத்து. அழுகிற முகம், சிரிக்கிற முகம் போட்ட அட்டையைக் காட்டினேன், எந்த முகம் அழகாக இருக்கிறதோ அதைத் தொட்டாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவளுடைய பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து போய் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குக் குடிக்கத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "உனக்கில்ல. வலி வந்தா இதை இவளால ஒரு கையில தூக்க முடியாது. ரெண்டு கையிலயும் முடியலேன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். அதைக் கேளு, எண்ணிக்கிட்டு இருக்காதே" என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து என் வினாப்பட்டியலில் பாதியைக் கிழித்துப்போட்டேன். சொம்பு தூக்க முடிகிறதா, குழாயடிவரை நடக்க முடிகிறதா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறது, கொழுந்து பறிக்கப் போனாளா என்று கேள்விகள் மாறின. இந்தக் கேள்விகளைச் சரிபார்த்துக் கொடுத்த நிபுணர்களில் ஒருவர், "சொம்பின் கொள்ளளவு என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மறுபடி இறங்கிப் போய் அளந்தேன், முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூட. வைவாவில் வெளித்தேர்வாளர் அதிக நேரம் எடுத்துக்கொண்டதும் அந்தச் சொம்பில்தான்.

எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், உங்களுக்கு நான் பட்ட கடன் எத்தனை ஆஃப் என்று கணக்கே இல்லை. டூட்டி சார்ட்டில் என் பெயருக்கு நேராக நீங்கள் பென்சிலில் மட்டும் எழுதியதன் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்காக நைட் மாற்றிக்கொண்ட தோழிகளே, இனி என் முறை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் சார், ஒரே சந்தேகத்தை ஆறு தடவை கேட்டபோதும் ஏழாவது தடவைக்கும் இடம் விட்டுப் பேசினீர்கள். ஒரு அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்துக்காக நாலு மாதம் நடந்தேன், அதை இங்கே விரிக்க மனமில்லை. அங்கே வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் அண்ணன்தான், என் ஃபைல் எந்த மேசைக்கு அடியில் கிடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

டிடிபி கடை அண்ணாவை விட முடியாது. காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை, அது திரும்ப வந்த வேகத்தில் என் லேப்டாப் புகைந்து போயிற்று. மூன்றாவது அத்தியாயம் முழுக்க அதற்குள். அழுதுகொண்டே கடைக்குப் போனால், "நீங்க பிரிண்ட் எடுக்க வந்தப்பவெல்லாம் ஒரு காப்பி போட்டு வெச்சிருக்கேன் சிஸ்டர், கேக்காம வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார். மன்னிப்பதாவது!

நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஃபைல் கட்டோடு நான் ஓடிவருவதைப் பார்த்து, அரவேணுவில் மேட்டுப்பாளையம் பஸ்ஸை நிறுத்திவைத்த கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. வீட்டுக்காரருக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன். அத்தை, "படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறே" என்று பகலில் கேட்டுவிட்டு, ராத்திரி கணப்பில் கரி போட்டு என் காலடியில் வைத்துவிட்டுப் போவீர்கள். இரண்டும் ஞாபகத்தில் இருக்கும்.

பாட்டி, தீசிஸ் பைண்டிங் ஆகி வந்துவிட்டது, உங்கள் சொம்பின் படம் அதில் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அக்காவோடு இறங்கி வருகிறேன், டீத்தண்ணி போட்டு வையுங்கள். இந்தத் தடவை கைநாட்டு வைக்கச் சொல்லி எந்தக் காகிதமும் கொண்டுவர மாட்டேன்.