நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் கேட்கப்படாத கேள்விகள்: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் எங்கள் ஊராட்சிக்கு வந்த பிறகு, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறும் நிலை பெருமளவு மாறியிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, அதே திட்டத்தில் ஒரு சேர்க்கையைக் கோரவே இம்மடலை எழுதுகிறேன். வீட்டு வாசலுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணிடமும் மாதவிடாய் எப்படி வருகிறது, நின்றுவிட்டதா, நின்றபின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும், தேவைப்படுவோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவும் தாங்கள் ஆணையிட வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. இப்போது எங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்குகளைச் சரிபார்க்க உதவி வருகிறேன். கடன் பேரேட்டில் கையெழுத்திட்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சொல்லும் செய்திகள்தான் என்னை எழுத வைத்தன. நடுச்சாமத்தில் ரவிக்கை நனைந்து விழித்துக்கொள்வதையும், கழுத்திலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறுவதையும், காரணமே இல்லாமல் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்துவிட்டுப் பின்பு தனியே அழுவதையும், காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் மடங்க மறுப்பதையும் அவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். இரத்தக் கொதிப்பு பார்க்க வரும் தன்னார்வலரிடம் சொல்வதில்லை. அவர் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்று அவருடைய படிவத்திலும் இல்லை.

கேட்காததால் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். படபடப்பு வந்த பெண் முதலில் ஊரிலுள்ள தனியார் கிளினிக்குக்குப் போகிறார். அங்கே ஒரு சத்து ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்றி அனுப்பப்படுகிறார். தூக்கம் வராத நிலை தொடர்ந்தால் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கிடைக்கிறது. அதன் பிறகு நகரத்து மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோ, தலை ஸ்கேன் என்று குழுக்கடன் கரைகிறது. கடைசியில் "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு வருகிறார். வீட்டில் அந்த வரியை அவருக்கு எதிராகவே பயன்படுத்துகிறார்கள். இத்தனை படிகளில் எந்த இடத்திலாவது யாரேனும் "தூரம் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், மானமும் மிஞ்சியிருக்கும்.

எல்லாவற்றையும் மாதவிடாய் நிற்கும் இந்தப் பருவத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தைராய்டு மிகுதியும், இரத்தச் சோகையும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும், உண்மையான இதய நோயும் இதே தொல்லைகளைத் தரக்கூடியவை. ஆகவேதான் கேள்வி கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

தங்களுக்குத் தெரிந்ததே ஆயினும், இம்மடலைப் படிக்கும் பெண்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாகக் கொள்வார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நேர்கிறது. நாற்பதுக்கு முன்பே நின்றால் அதை இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பைச் சுரப்புகள் ஏறி இறங்குவதால், மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் பகுதி சிறு மாற்றத்தையும் பெருவெப்பமாக எண்ணி வியர்வையைத் திறந்துவிடுகிறது. சில மாதங்களில் போய்விடும் என்று பொறுத்திருக்கச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் அடிக்கடி இச்சூடு வருபவர்களுக்கு அது சராசரியாக ஏழு ஆண்டுகள் நீடிக்கிறது என்று நெடுங்கால ஆய்வு கண்டிருக்கிறது. சிலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை என்பதும் உண்மை. மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கியதும் கருத்தரிக்கும் வாய்ப்பே இல்லை என்று எண்ணிக் கருத்தடை முறையைக் கைவிடுவதும், பின்பு நாற்பத்தாறு வயதில் கருக்கலைப்புக்கு மறைவாக அலைவதும் நடக்கின்றன.

துறையின் உடனடிக் கவனத்துக்கு உரியது உதிரப்போக்கு. "நிற்கப்போகிற காலத்தில் அப்படித்தான் கொட்டும்" என்று சொல்லிச் சொல்லியே, கட்டி கட்டியாகப் பல நாள் உதிரம் போவதைப் பெண்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லியிருக்கும்போது இந்தப் பொறுமை எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். இந்த ஒரு செய்தியை மட்டுமாவது ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டால் சில உயிர்கள் மிஞ்சும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. உதிரம் அதிகம் போகிறது என்று போன பெண்ணிடம், மருந்தோ கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமோ பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லும் இடங்கள் உண்டு. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து ஆந்திரத்தில் இது ஏறத்தாழ ஒன்பது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க ஒன்றிய அரசு 2022இல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவின்படி நம் மாவட்டங்களில் எத்தனை அறுவைகள் ஆய்வு செய்யப்பட்டன என்பதைத் துறை வெளியிட வேண்டும். கருப்பையோடு சினைப்பைகளையும் நாற்பதுக்குள் எடுத்துவிட்ட பெண்ணுக்கு மாதவிடாய் நிறுத்தம் ஒரே இரவில் வந்துவிடுகிறது. எலும்பும் இதயமும் பல ஆண்டுகள் முன்னதாகவே காப்பை இழக்கின்றன. தடையில்லாதவர்களுக்கு இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் மருந்து தர வேண்டும் என்பது மருத்துவ நெறி. எங்கள் ஊரில் அப்படி அறுவை செய்துகொண்டவர்களில் ஒருவரிடமும் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் மருத்துவர்களிடமும் இருப்பதைக் காண்கிறேன். 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று இடையில் நிறுத்தப்பட்டதிலிருந்து எழுந்த அச்சம் அது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்தவர்களே அதிகம். அறுபதுக்குட்பட்ட, அல்லது நின்று பத்தாண்டுக்குள் உள்ள, வேறு பெரிய நோயற்ற பெண்ணுக்குத் தொல்லை மிகுதியாக இருந்தால் பயனே மேலோங்குகிறது என்பதே இன்று மருத்துவ அமைப்புகளின் கருத்து. மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் ஆகியவை வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாகத் தரப்படுவதில்லை. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரானும் சேர்த்தே தர வேண்டும். எனவே கடையில் கேட்டு வாங்கும் மருந்தாக இது ஆகிவிடக் கூடாது. வேண்டாதவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகளும், சூட்டையும் தூக்கமின்மையையும் தாங்க உதவும் மன ஆற்றுப்படுத்தலும் உண்டு. இந்த உரையாடல் அரசு மருத்துவமனையில் நடக்கவில்லை என்றால், 'ஒரே வாரத்தில் சூடு தணியும்' என்று கைபேசியில் பொடி விற்பவர்கள்தான் அதை நடத்துவார்கள், நடத்திக்கொண்டும் இருக்கிறார்கள்.

வெளியில் சொல்லவே கூசும் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பிறப்புறுப்பு வறட்சியும் எரிச்சலும், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும், தும்மினால் சிறுநீர் கசிவதும் மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகப் பொதுவானவை. மற்றத் தொல்லைகள் காலப்போக்கில் அடங்கினாலும் இவற்றில் வறட்சி தானாக அடங்குவதில்லை. தாம்பத்தியம் வலியாகிப்போன பிறகு, வீட்டுச் சண்டைக்குக் காரணம் தானே என்று நம்பி வாழும் பெண்கள் இருக்கிறார்கள். குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பை உள்ளே தடவினால் வறட்சியும் தொற்றும் பெரும்பாலும் குறையும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் கசிவு குறையும். இக்களிம்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் எப்போதும் இருப்பில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். சந்தேகம் கேட்கப் பெண் மருத்துவரோ செவிலியரோ வாரத்தில் ஒரு பிற்பகலாவது அங்கே இருக்க வேண்டும்.

அன்றாட வாழ்வைப் பொறுத்தவரை அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கேழ்வரகும் எள்ளும் நெத்திலியும் சாப்பிடுங்கள், நடங்கள், பளு தூக்கிப் பயிலுங்கள் என்பதெல்லாம் சரியானவையே; எலும்பு மிக விரைவாகத் தேய்வது மாதவிடாய் நின்றதை ஒட்டிய சில ஆண்டுகளில்தான். ஆனால் பகல் முழுவதும் நிற்கும் பெண்ணுக்கு அறிவுரை மட்டும் போதாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய அரசு நம்முடையது. அதே தொழிலாளர் துறையோடு தாங்கள் பேசி, நடுத்தர வயதுப் பெண்கள் வேலை செய்யும் தளங்களில் மின்விசிறி, குடிநீர், கேட்காமலே போக முடிந்த கழிப்பறை ஆகியவற்றை ஆய்வாளர்கள் பார்க்கச் செய்ய வேண்டும். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பவரிடம் தொற்றைப் பற்றிப் பேசி என்ன பயன்? 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு, வெயில் எச்சரிக்கையில் கர்ப்பிணிகளையும் முதியோரையும் குறிப்பிடும்போது உள்ளேயும் வெந்துகொண்டிருக்கும் இந்தப் பெண்களையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் அரசு பெண்ணுடலை மறந்த அரசு என்று யாரும் சொல்ல முடியாது. வளரிளம் பெண்ணுக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது. கருவுற்றவுடன் பிக்மி என்ற மகப்பேறு பதிவு எண் தந்து ஒவ்வொரு பரிசோதனையும் பதிவாகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. பிள்ளை பெறும் வயது முடிந்ததும் இந்தப் பதிவேடுகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்விலும் பெண்களிடம் கேட்கும் விரிவான கேள்விகள் 49 வயதோடு முடிந்துவிடுகின்றன. இலங்கையில் 1996இலேயே சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் தொடங்கப்பட்டு, 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை வரவழைத்து மார்பகம், கருப்பை வாய், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு இந்தப் பருவத்துத் தொல்லைகளையும் பார்க்கிறார்கள். நம்மிடம் வாசல்வரை போகும் படையே இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் கொழுப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவதால், திட்டத்தின் இன்றைய நோக்கத்துக்கும் இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல.

புதிய கட்டடமோ புதிய பெயரோ கேட்கவில்லை. தன்னார்வலரின் படிவத்தில் ஆறேழு கேள்விகளும், அவற்றை ஆண்கள் இல்லாத நேரத்தில் கேட்பதற்கான பயிற்சியும், பரிந்துரைக்கப்பட்டு வருபவரை "மனசுதான்" என்று திருப்பி அனுப்பாத மருத்துவ அலுவலரும் இருந்தால் தொடங்கிவிடலாம். எங்கள் பகுதித் தன்னார்வலர்களில் சிலர் தாங்களே இந்த வயதைக் கடந்துகொண்டிருப்பதால் இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ள அவர்களுக்கு விருப்பம் இருக்கிறது; பயிற்சிக்கு எங்கள் குழுக் கட்டடத்தைத் தரவும், கேள்விகளை ஊர்ப் பேச்சில் எழுதிக் கொடுக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எங்கள் ஊராட்சியில் சோதனை முறையில் இதைத் தொடங்குவது குறித்து மாவட்டச் சுகாதார அலுவலரின் கருத்தைக் கேட்டு, எங்களுக்கு எழுத்து வடிவில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்