தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

அண்ணன்மார், அக்காமார், இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை, கிடைத்ததை வாசிக்கிறவன், அதிலும் உலகம் கெட்டுப்போகிற நாவல் என்றால் சோற்றையும் மறந்துவிடுவேன். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி, தமிழில் ஓட்டமாக. உங்களுடையதையும் விடாமல் வாசிக்கிறேன், அந்த உரிமையில்தான் இந்த முறைப்பாடு.

உங்கள் கதைகளில் தட்டுப்பாடு வந்த அடுத்த பக்கத்திலேயே மனிசர் ஒருவரை ஒருவர் கடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மின்சாரம் போகும், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரன் கத்தியோடு வாசலில் நிற்பான். இது எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. கோமாக் மக்கார்த்தியின் ‘த ரோட்’ (2006) நாவலில் தகப்பனும் மகனும் கடைத் தள்ளுவண்டியில் சாமானைப் போட்டுக்கொண்டு சாம்பல் மூடிய நாட்டில் தெற்கே நடப்பார்கள், வழியெல்லாம் ஆளைத் தின்கிற ஆட்கள். பெரிய எழுத்துத்தான், வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் விடிய எழும்பி யோசித்தது வேறு: இவ்வளவு நீளத் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பானை கஞ்சி வைக்க மாட்டார்களா? 2009 இல் முள்ளிவாய்க்காலில், செல் விழுந்துகொண்டிருக்கும்போதே கஞ்சி காய்ச்சி வரிசையில் ஊற்றினார்கள். சனம் எல்லாம் தெய்வம் என்று சொல்ல வரவில்லை, பதுக்கி வைத்து விற்றவனும் இருந்தான், தண்ணீருக்குக் குடத்தால் அடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அதையும் எழுதுங்கள். அது மட்டும்தான் நடந்தது என்று எழுதினால் நம்பமாட்டேன்.

ஓர்வெல்லுக்கு இந்த விசயம் பிடிபட்டிருந்தது. ‘1984’ பற்றி யார் கதைத்தாலும் சுவரிலிருந்து வேவு பார்க்கும் திரையைத்தான் சொல்வார்கள், என்னைப் பிடித்தது சவர அலகு. கடையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்காது, ஒருமுறை பொத்தான், ஒருமுறை சப்பாத்து நாடா, கதை நடக்கும்போது சவர அலகு. கூட வேலை செய்பவன் ஒன்று இருக்கிறதா என்று கேட்க, கதாநாயகன் வின்ஸ்ரன் ஒன்றுமே இல்லை என்கிறான், ஆறு கிழமையாக ஒரே அலகுதான் என்கிறான், ஆனால் புதிதாக இரண்டை ஒளித்து வைத்திருக்கிறான். சவர்க்காரம், பற்றரி, மெழுகுதிரி என்று 1990களில் அரசு போட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலுக்குள் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும். 1949 இல் இங்கிலாந்தில் வெளிவந்த புத்தகம், எங்கள் ஊர்ச் சங்கக்கடை வாசலில் நின்று பார்த்து எழுதியது மாதிரி.

ஆனால் அவரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது, கைவேலை. பற்றரிக்குத் தடை, ஆனால் செய்தி கேட்காமல் இருக்கமுடியாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவில் வருவது ஆடலோட்டம் (ஏசி), அப்படியே றேடியோவுக்குக் கொடுத்தால் உறுமும், அதனால் பழைய றேடியோவில் கழற்றிய டயோட்டுகள் நாலைப் பொருத்தி நேரோட்டமாக்கித் (டிசி) தர எங்கள் ஊரில் ஒரு அண்ணா இருந்தார். சுற்றுகிற பெடியனுக்குக் கை உளைந்தால் பிபிசி தமிழோசையில் வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், உசாரேறிச் சுற்றினால் “டேய் மெல்ல, எரியப்போகுது” என்று பெரிசுகள் கத்தும். மோட்டார் சைக்கிளுக்குச் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டதும் இதே காலம்தான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்ற பௌதிகவியலைப் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர்களும் விளக்குவார்கள். இதைவிட நல்ல அறிவியல் புனைகதை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? நீங்களோ இன்னும் ஜீனோ என்ற இயந்திர நாயின் குட்டிகளையே வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சுஜாதா ஒருமுறை எழுதிவிட்டார், சரி, போதும். ட்ரோனையும் சத்தமில்லாமல் பறக்கவிடுகிறீர்கள். இரைச்சலை வைத்தே வண்டு (வேவு விமானத்தை அப்படித்தான் சொல்வோம்) எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சின்னப்பிள்ளைகள் சொன்ன இடம் இது, யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

ஒக்ரேவியா பட்லரை வாசியுங்கள். ‘பரபிள் ஒஃப் த சோவர்’ 1993 இல் வந்தது, கதை தொடங்குவது 2024 இல். அதில் வரும் பிள்ளை ஊர் எரிவதற்கு முன்னமே ஓட்டத்துக்கு ஒரு பை கட்டி வைக்கிறாள், எந்தக் காட்டுச் செடியைத் தின்னலாம் என்று படிக்கிறாள், விதையும் சேர்க்கிறாள். கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த சனத்துக்கு அவளைச் சட்டென்று விளங்கும்.

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இந்தத் தீவில்தான் இருந்தார். விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுவதற்காகத் ‘த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ (1979) நாவலில் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். வன்னியும் கூடவே போயிருக்கும், ஆனால் மனிசன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பரவாயில்லை, நீங்கள் பாருங்கள்.

ஒரு கதைக்கரு தருகிறேன், காசு வேண்டாம். எங்கள் இரணைமடுக் குளத்தில் ஒவ்வொரு வருசமும் சிறுபோகத்துக்கு, அதாவது மழை குறைந்த காலத்து நெல் விதைப்புக்கு, ஒரு கூட்டம் நடக்கும், குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளும் இருந்து முடிவெடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொடுப்பதா இல்லையா என்ற பழைய பிணக்கு ஒரு பக்கம், 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவை நேரத்துக்குத் திறந்தார்களா என்று தேத்தண்ணிக் கடைகளில் கேட்ட வாக்குவாதம் இன்னொரு பக்கம். இப்போது 2070 என்று வையுங்கள். மழையைக் கணித்து ஏக்கரைப் பங்கிடுவதும் கதவைத் திறப்பதும் ஒரு இயந்திரம், அதன் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கிறது. ஒரு வருசம் அது சிறுபோகமே வேண்டாம் என்கிறது. கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு கிழவி எழும்பி, போன முறை நீ சொன்னதைக் கேட்டு நான் மாட்டை விற்றேன், அந்தக் கணக்கை முதலில் காட்டு என்று கேட்கிறாள்.

அந்த இயந்திரம் என்ன பதில் சொல்லும் என்று எனக்கு எழுதத் தெரியாது. உங்களில் யாராவது எழுதினால் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்குவேன், ஆனால் இந்தியப் பதிப்பு கொழும்பு வந்து இங்கே வந்து சேரும்போது இருக்கிற விலைக்கும் சேர்த்து ஒரு வழி பாருங்கள்.